தொட்டிக்குள் இறங்கிய படகு

இது எனக்கு நடந்தது. லயத்து மாரியம்மன் சன்னதியில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். பட்டப்பகலில் பேய் வருமா என்று சிலர் கேட்கிறார்கள். எங்கள் மலையில் சாயங்காலப் பனி இறங்குவதைப் பார்க்காதவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். பனி இறங்கிவிட்டால் பகல் என்ன, இரவு என்ன. நீட்டிய கை தெரியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு, சித்திரை மாதம். இலங்கையில், வட்டகொடைக்கு மேலே ஊத்துமலைத் தேயிலைத் தோட்டம். என் புருஷன் மாயாண்டி காய்ச்சலில் போன பிறகு, என் மகள் பரிமளத்தைத் தூக்கிக்கொண்டு வேறு தோட்டத்திலிருந்து அங்கே வந்து சேர்ந்திருந்தேன். அவளுக்கு மூன்று வயது. எனக்கு அங்கே சொந்தம் என்று ஒருவரும் இல்லை.

லயத்தில் வரிசையாக ஒற்றை அறை வீடுகள். பக்கத்துக் காம்பராவில் காளியாயி இருந்தாள். தனி ஆள். நான் போய் இறங்கிய அன்றே அடுப்புக்கு விறகு கொடுத்தாள். என் மகளுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். மழை நாளில் நான் கொழுந்து பறிக்கப் போனால், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விடுகிற பிள்ளைமடுவத்தில் விடாமல் தன் கம்பளிக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

"ஒனக்குப் புள்ள இல்லையாக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அந்தப் பாக்கியம் நமக்கில்ல வடிவு," என்றாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

என் பெயர் சண்முகவடிவு. அவள்தான் முதலில் வடிவு என்று கூப்பிட்டது. கூடப் பிறந்தவள் கிடைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

எங்கள் துரைக்குப் படகுப் பைத்தியம். லீவுக்குச் சீமைக்குப் போகும்போதெல்லாம் துரைசாணியோடு பிரான்சு தேசத்துக்குப் போய்விடுவாராம். அங்கே நாடு முழுக்கக் கால்வாய் ஓடுகிறதாம். வசந்த காலத்தில் மாதக்கணக்காகப் படகிலேயே குடியிருப்பார்களாம். காலையில் ஒரு ஊர், மாலையில் ஒரு ஊர். அந்த ஆசை விடாமல், தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வாய்க்காலை ஆட்களை விட்டு அகலமாக வெட்டினார். மலையை ஒட்டியே ஒன்றரை மைல் வளைந்து போகும். நடுவில் ஓர் இடத்தில் மலை சரிந்து இறங்குகிறது. அங்கே கருங்கல்லால் ஆழமான தொட்டி ஒன்று கட்டினார். மேலே ஒரு ஜோடிக் கதவு, கீழே ஒரு ஜோடி. படகு உள்ளே போனதும் மேல் கதவைச் சாத்தி, கீழ்ப் பக்கம் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். தண்ணீர் இறங்க இறங்கப் படகும் இறங்கும். பிறகு கீழ்க்கதவைத் திறந்தால் கீழ்க் கால்வாய்.

படகு நீளமாக, ஒடுக்கமாக இருக்கும். படுக்க அறை, சமைக்க அறை, இரும்பு அடுப்பு எல்லாம் உள்ளேயே உண்டு. கரையில் ஒரு மாடு வடத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு போகும். பங்குனி, சித்திரை வந்தால் துரையும் துரைசாணியும் பங்களாவை விட்டுப் படகுக்குக் குடிவந்துவிடுவார்கள்.

போன வருஷம் படகில் வேலைக்கு இருந்தது காளியாயி. இந்த வருஷம் என்னைப் போகச் சொன்னாள்.

"மலையேறி அட்டைகிட்ட கடி வாங்க வேணாம். அடுப்படியிலேயே படுத்துக்கலாம். குளிரு தெரியாது," என்றாள்.

"பரிமளம்?"

"படகுல புள்ளைங்கள ஏத்தக் கூடாதுன்னு துரைசாணி கண்டிசனா சொல்லியிருக்காங்க. நான் எதுக்கு இருக்கேன்?"

"நீயே போகலாமேக்கா."

"எனக்குத் தண்ணி ஒத்துக்கல," என்றாள்.

லயத்துப் பெண்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. காளியாயி என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடிக்கு வந்தால் மட்டும் பேச்சு நின்றுவிடும். பொறாமை என்று நினைத்தேன்.

படகுக்குப் போவதற்கு முந்திய நாள் காளியாயி என்னைத் தொட்டிப் பக்கம் அழைத்துப் போனாள். பூவும் மஞ்சளும் கொண்டுவந்திருந்தாள்.

"தண்ணிக்குப் புதுசா வர்றவங்க பேரு சொல்லணும். முழுப் பேரைச் சொல்லு."

சொன்னேன்.

"இன்னொரு தடவ. குனிஞ்சு சொல்லு."

குனிந்து சொன்னேன். தண்ணீர் கறுப்பாக இருந்தது. காளியாயி அதில் பூவைப் போட்டு வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக மேலே ஏறினாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் சில நாள் சொர்க்கம் என்றுதான் சொல்ல வேண்டும். விழிக்கும்போது படகுக் கூரையில் தண்ணீர் வெளிச்சம் ஆடும். நேற்று பார்த்த மலை இன்று இருக்காது. நான் அடுப்படியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பேன். ஜன்னலில் தேயிலை மலை மெதுவாக நகர்ந்துகொண்டே போகும். சமையல்காரர் பொன்னையா தமாஷ்காரர். சுக்கானைப் பிடிக்கிற அழகன் அண்ணன் பேசமாட்டார். முதல் தடவை தொட்டியை நெருங்கும்போது மட்டும் என்னிடம் வந்தார்.

"ஒன்னைய யாரு இங்க அனுப்புனது?"

"காளியாயி அக்கா."



"தொட்டியில எறங்குறப்ப உள்ள போயி உக்காந்துக்க. பேரு சொல்லிக் கூப்புட்டா பதில் குடுக்காத."

"யாருண்ணே கூப்புடப் போறாங்க?"

அவர் சுக்கானுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு சின்னச் சின்னதாகத் தொடங்கியது. எனக்கென்று மூடி வைத்த சோற்றில் பள்ளம். சின்ன விரல்களால் அள்ளியதுபோல மூன்று கோடு. எலி என்றார் பொன்னையா. எலி தின்றால் சோறு ஈரமாகுமா...

தொட்டிக்குள் இறங்கும்போதெல்லாம் படகு அடுப்படிப் பக்கமாகச் சாயும். யாரோ வெளியே பிடித்துத் தொங்குவதுபோல. பொன்னையா மாவு மூட்டையை இந்தப் பக்கம் தள்ளிவைப்பார். அப்படியும் சாயும்.

ஒருநாள் ஜன்னல் கண்ணாடியில் கை அடையாளம். வெளிப்பக்கம். நாங்கள் தொட்டிக்குள் இருந்தோம். கண்ணாடிக்கும் கருங்கல் சுவருக்கும் நடுவில் நாலு விரற்கடை இடம்கூட இல்லை.

இரவில் தூக்கக் கலக்கத்தில் பரிமளம் பக்கத்தில் கிடப்பதாக நினைத்துத் தட்டிக் கொடுப்பேன். விழித்துப் பார்த்தால் யாரும் இல்லை. பாய் மட்டும் அந்த இடத்தில் நனைந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காளியாயி என் மகளைக் காட்ட வருவாள். கரைக்கு வரமாட்டாள். தூரத்தில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று தூக்கிக் காட்டுவாள். பிள்ளைக்கு எண்ணெய் வைத்துத் தலை சீவியிருக்கும். புதுப் பாவாடை. நான் கையாட்டினேன். பிள்ளை ஆட்டவில்லை. அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா, போவலாம்" என்று சொன்னது காற்றில் கேட்டது.

என்னைச் சொல்லவில்லை. அவளைச் சொன்னது.

அன்று ராத்திரி முழுக்க அழுதேன். ஆனாலும் காளியாயியைத் தப்பாக நினைக்கவில்லை. பிள்ளைக்கு அன்பு கிடைக்கிறதே என்றுதான் நினைத்தேன்.

அந்த நாள் வந்தது. துரையும் துரைசாணியும் குதிரைப் பந்தயம் பார்க்க நுவரெலியாவுக்குப் போய்விட்டார்கள். தொட்டிக்குச் சற்று மேலே படகைக் கட்டியிருந்தோம். காலையில் கீழிருந்து ஏறி வந்ததால் மேல் கதவு திறந்தே கிடந்தது. பொன்னையா மீன் பெட்டி எடுக்க ஸ்டேஷனுக்குப் போனார். மாட்டுக்கு லாடம் கட்ட அழகன் அண்ணன் ஓட்டிக்கொண்டு போனார். தொட்டித் தண்ணீரைத் திருகித் திறக்கிற இரும்புப் பிடி எப்போதும் அவர் இடுப்பில்தான் இருக்கும். அன்றும் அப்படியே செருகிக்கொண்டு போனார்.

நான் மட்டும்.

ஸ்டோரில் மூன்று மணி அடித்தது. பனி இறங்கியது. முதலில் எதிர் மலை போனது. பிறகு கரை போனது. பிறகு படகின் முனை போனது.

டொக்...

கீழேயிருந்து. படகின் அடிப்பலகையில்.

டொக்... டொக்...

கட்டை ஏதாவது மிதந்துவந்து இடிக்கிறது என்று எழுந்து வெளியே போனேன். கரையில் கட்டியிருந்த வடம் தண்ணீரில் கிடந்தது. அவிழ்ந்திருந்தது. அறுந்திருக்கவில்லை.

படகு நகர்ந்துகொண்டிருந்தது.

இழுக்க மாடு இல்லை. தள்ள ஆள் இல்லை. காற்று இல்லை. தொட்டியைப் பார்த்து நேராகப் போயிற்று. கரைக்குத் தாவலாம் என்று பார்த்தால் கரை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. இரண்டு பக்கமும் கருங்கல் சுவர் வந்தது.

பின்னால் கதவு சாத்திய சத்தம்.

இரண்டு ஆம்பிளைகள் முதுகு கொடுத்துத் தள்ளினால்தான் அது நகரும்.

பிறகு தண்ணீர் இறங்குகிற சத்தம். ஷ்ஷ்ஷ்... என்று. படகு இறங்கியது. சுவர் உயர்ந்துகொண்டே போனது. பாசி வாடை. மேலே ஒரு சின்ன வெள்ளைச் சதுரம். அதுவும் பனி.

"அழகண்ணே..."

என் குரல்தான் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். அப்போது...

"அம்மா."

பரிமளம் குரல் என்று நினைத்தேன். ஓடினேன். பக்கப் பலகையில் விரல்கள் தெரிந்தன. எட்டு விரல். சின்னது. தண்ணீரில் ஊறி வெளுத்துப்போயிருந்தது.

பரிமளம் இல்லை.

"சண்முகவடிவு அம்மா."

பதில் சொல்லவில்லை.

படகு சாய்ந்தது.

அது ஏறியது.

நான் அடுப்படிக்குள் ஓடி மூலையில் உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். பலகையில் ஈரக் கால் வைக்கிற சத்தம். சத்... சத்... சத்... என் முன்னால் வந்து நின்றது.

என் மடியில் பாரம்.

குளிர்.

ஐஸ் கட்டியைத் தூக்கி மடியில் வைத்ததுபோல. தலை என் நெஞ்சில் சாய்ந்தது. முடியிலிருந்து சொட்டிய தண்ணீர் என் வயிற்றில் ஓடியது.

"எங்கம்மா சொன்னிச்சு," என்றது. "இனிமே நீதான் அம்மாவாம்."

எப்படி வாய் வந்ததோ தெரியாது. "எந்த அம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"காளியாயி."

தண்ணீர் சத்தம் நின்றுவிட்டது.

அந்த ஒரு பேரில் எனக்கு எல்லாம் விளங்கியது. விறகு. ரொட்டி. பூவும் மஞ்சளும். குனிந்து சொல்லச் சொன்ன என் முழுப் பேர். பிள்ளை இல்லை என்றவள் தன் செத்த பிள்ளைக்கு என்னைத் தாயாக எழுதிவைத்துவிட்டு, உயிரோடு இருக்கிற என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள்.

அந்த நேரத்தில் பயம் எங்கோ போய்விட்டது. வயிறுதான் எரிந்தது.

கண்ணைத் திறக்கவில்லை. என் கை தானாக அந்த முதுகைத் தட்டிக் கொடுத்தது. அதுவும் ஒரு பிள்ளைதானே. என்னைப்போல ஏமாந்த பிள்ளை.

"நான் ஒங்கம்மா இல்ல தாயி," என்றேன். "எனக்கு ஒரு மக இருக்கா. அவளை ஒங்கம்மா வச்சிருக்கா."

ஈரத் தலை என் நெஞ்சிலிருந்து நிமிர்ந்தது. மூச்சு விடுகிற சத்தமும் இல்லை.



"எங்கம்மாகிட்டயா?" என்றது.

"ஆமா."

மடியில் பாரம் இல்லை.

மேலே அழகன் அண்ணன் கத்துவது கேட்டது. ஏணி போட்டு இறங்கி வந்தார். நான் இடுப்பிலிருந்து முழங்கால் வரை நனைந்து உட்கார்ந்திருந்தேன். கை இன்னும் வெறும் இடத்தைத் தட்டிக்கொண்டிருந்ததாம்.

"எம்புள்ள," என்றேன்.

"காளியாயிகிட்டயா விட்டுட்டு வந்த?"

அவர் முகம் வெளிறிவிட்டது. கரைக்கு ஏற்றிவிட்டபடியே சொன்னார். காளியாயிக்கு மீனம்மா என்று நாலு வயது மகள். போன வருஷம் படகில் கூடவே வைத்திருந்தாள். படகுக்கும் தொட்டிச் சுவருக்கும் நடுவில் பிள்ளை விழுந்துவிட்டது. மூங்கிலை விட்டுத் துழாவினார்கள். கிடைக்கவில்லை. கொழுந்து காலத்தில் ஸ்டோருக்குத் தண்ணீர் நிற்கக் கூடாது என்று துரை தொட்டியை வற்றவிடவில்லை.

"ஏண்ணே எங்கிட்டச் சொல்லல?"

"வாயைத் தொறந்தா பத்துச்சீட்டக் குடுத்துத் தோட்டத்த விட்டே வெரட்டிருவேன்னாரு கங்காணி."

லயம் முழுக்கத் தெரிந்திருக்கிறது. ஒருத்தரும் சொல்லவில்லை.

லயத்துக்கு ஓடினேன். காளியாயி வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. சட்டி பானை இல்லை. அடுத்த காம்பராக்காரி நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்.

"இந்தியாவுக்கு, சொந்த ஊருக்குப் போறா. தலைமன்னாருக் கப்பல்ல. நீதான் புள்ளையக் கூட்டிட்டுப் போகச் சொன்னியாம்."

குறுக்குப் பாதையில் இறங்கினேன். செடி கிழித்தது. செருப்பில்லாத கால். பாதி வழியில் ரயில் கூவியது. கீழே புகை மட்டும் தெரிந்தது. தலவாக்கலைப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

இருந்தாலும் ஓடினேன்.

ஸ்டேஷன் பெஞ்சில் பரிமளம் உட்கார்ந்திருந்தாள்.

தனியாக. காலை ஆட்டிக்கொண்டு. நான் வாரி எடுத்தேன். உடம்பு சூடாக இருந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. சிங்களப் போர்ட்டர் ஒருவர் பக்கத்தில் வந்தார். தெரிந்த தமிழில் சொன்னார்.

"அந்தப் பொம்பள கூட ரயில்ல ரெண்டு புள்ள இருந்தது. ஒண்ணு கூடவே போனது. இது விட்டுட்டுப் போனது."

"ரெண்டா?"

"ரெண்டுதான். மத்தது முழுக்க நனைஞ்சு."

அன்று வட்டகொடையில் ஒரு சொட்டு மழை இல்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் பரிமளம் தானாகச் சொன்னாள்.

"ரயில்ல ஒரு அக்கா வந்துச்சு. எறங்குன்னு சொன்னிச்சு. இது எங்கம்மான்னு சொன்னிச்சு."

"காளியாயி என்ன சொன்னா?"

"கத்துனாங்க. அப்புறம் ரயிலு போயிருச்சு."

மறுநாளே கணக்குத் தீர்த்துப் பத்துச்சீட்டு வாங்கிக்கொண்டு ஊத்துமலையை விட்டுவிட்டேன். ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை கிடைத்தது. காளியாயி எங்கோ ஊரில் இருப்பாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவளை நினைத்தால் பயம் வராது. நெஞ்சு கசக்கும். என் பிள்ளைக்கு அவள் தலை சீவிவிட்டது பொய்யில்லையே. அந்த அன்பையும் வைத்துக்கொண்டு எப்படி முடிந்தது அவளுக்கு... இன்றைக்கும் விளங்கவில்லை.

ஆடி மழை முடிந்து அழகன் அண்ணன் என்னைத் தேடி வந்தார். வாசலிலேயே நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

வெள்ளத்தில் கீழ்க்கதவு பிளந்துவிட்டதாம். வேறு வழியில்லாமல் தொட்டியை வற்றவிட்டிருக்கிறார்கள். அடிச்சேற்றில் மீனம்மாவின் எலும்பு கிடைத்தது.

"நல்லதுதானேண்ணே. இனியாவது அடங்கட்டும்," என்றேன்.

"தனியா இல்ல," என்றார்.

சுவரில் சாய்ந்தபடி காளியாயி உட்கார்ந்திருந்தாளாம். சேற்றுக்குள், கழுத்து வரை. மூக்குத்தியைப் பார்த்துத்தான் கங்காணியே அடையாளம் சொன்னாராம்.

"அவ ரயிலு ஏறுனத போர்ட்டர் பாத்தாரேண்ணே. எம்மக பாத்தாளே."

"ஸ்டேஷன்ல எல்லாருந்தான் பாத்தாங்க. ஓடுற ரயில்லேருந்து அவ எறங்குனத யாரும் பாக்கல. நீ ஏறி வந்த கையோட படகைக் கீழே எடுத்துட்டு அந்தத் தொட்டிக்கு மேல பலகை அடிச்சுச் சங்கிலி போட்டுட்டோம் வடிவு. அப்பவே. நீ ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே. அதுக்கப்புறம் வெள்ளம் வர்ற வரைக்கும் ஒரு ஈ காக்கா உள்ள போகல."



"புள்ளையக் கட்டிப் புடிச்சிட்டா இருந்தா?" என்று கேட்டேன்.

அழகன் அண்ணன் தலையை ஆட்டினார். இல்லை என்று.

"அவ கை ரெண்டும் மேல ஏறத்தான் சுவரைப் பெறாண்டிக்கிட்டு இருந்துச்சு. நகம் ஒண்ணும் இல்ல. புள்ளையோட விரல் எலும்புதான்... அவ சேலையில மாட்டியிருந்துச்சு. நாலு பேரு சேந்து இழுத்தும் பிரிக்க முடியல."